நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தால் உடனே ஜீன் டெஸ்ட்டா?

#1 · ஜூன் 3, காலை 9.10 (இழையைத் தொடங்கியவர்)
நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து மீண்டவர்கள் எல்லோருக்கும் ‘த்ராம்போஃபிலியா பேனல்’ (ரத்தம் எளிதில் உறையும் கோளாறுகளைத் தேடும் சோதனைத் தொகுப்பு) எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பரம்பரைக் கோளாறு இருந்தால் ஆயுசுக்கும் உறைதடுப்பு மாத்திரை, இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் நிறுத்திவிடலாம். இவ்வளவு சுலபமான கணக்கை மருத்துவர்கள் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

#2 · ஜூன் 3, காலை 11.45
பாதி சரி என்று சொல்ல ஆசைதான். இரண்டு பாதியும் தவறு.

மாத்திரை எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது ஜீன் அல்ல, கட்டி எப்படி வந்தது என்பதுதான். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின்னால் வந்ததா? மூன்று மாதம், முடிந்தது. வெளிப்படையான காரணமே இல்லாமல் வந்ததா? மருந்தை நிறுத்தினால் முதல் ஆண்டில் 100 பேரில் சுமார் 10 பேருக்குத் திரும்ப வரும். ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 25 முதல் 30 பேர். ஃபேக்டர் ஃபைவ் லைடன் (ரத்தத்தை உறையவைக்கும் ஐந்தாம் காரணியின் ஜீனில் ஒரு மாற்றம்) ஒரு பிரதி, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து, இருந்தால் இந்தத் திரும்பும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுவதில்லை. பேனல் சுத்தமாக வந்தாலோ பெரிதாக இறங்குவதும் இல்லை. காரணமில்லாமல் கட்டி வந்தவர் ‘எல்லாம் நெகட்டிவ்’ என்ற தாளைப் பார்த்து மருந்தை நிறுத்துவதுதான் இந்தப் பரிசோதனையால் விளையும் மிகப் பெரிய கெடுதல்.

#3 · ஜூன் 3, பிற்பகல் 3.20
எந்த ஜீன் ஆபத்தை எவ்வளவு கூட்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

லைடன்: 1993இல் ஸ்வீடனில் டால்பேக் குழு ‘கிளர்வுற்ற புரோட்டீன் சி-க்கு மசியாத ரத்தம்’ என்று ஒன்றைக் கண்டது (புரோட்டீன் சி உறைதலை அடக்கும் புரதம்). மறு ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரில் காரணம் பிடிபட்டது. ஐந்தாம் காரணிப் புரதத்தில் 506ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் குளூட்டமின் உட்கார்ந்திருக்கிறது. புரோட்டீன் சி அந்தப் புரதத்தை 306, 506, 679 என்று மூன்று இடத்தில் வெட்டும். முதலில் வேகமாக வெட்டும் 506 இல்லாமல் போனால் செயலிழப்பு ஏறக்குறைய பத்து மடங்கு மெதுவாகிறது. ஒரு பிரதி என்றால் முதல் கட்டிக்கான ஆபத்து 3 முதல் 5 மடங்கு. இரண்டு பிரதிக்கு 80 மடங்கு என்று பழைய கட்டுரைகளில் இருக்கும். பின்னால் வந்த பெரிய தொகுப்புகளில் அது 10 முதல் 20-க்குள் இறங்கிவிட்டது. 80ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புரோத்ராம்பின் 20210 (உறைதலுக்கான புரோத்ராம்பின் புரதத்தின் ஜீனில் 20210ஆவது இடத்தில் ஒரு மாற்றம்): 1996இல் கண்டது. புரதத்தில் பழுதில்லை, உற்பத்திதான் அதிகம். ரத்தத்தில் சுமார் 30% கூடுதலாக ஓடும். ஆபத்து 2 முதல் 3 மடங்கு.

ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாடுகள் (மூன்றும் உறைதலை அடக்கும் புரதங்கள்): அபூர்வம், ஆனால் கனமானவை. இவற்றில் முதலில் தெரியவந்தது ஆன்டித்ராம்பின் குறைபாடு, 1965இல் ஒரு நார்வே குடும்பத்தில். மேலே சொன்ன இரண்டும் ஒற்றை எழுத்துப் பிழைகள், எல்லாக் குடும்பத்திலும் அதே இடத்தில். இந்த மூன்றும் அப்படியல்ல, குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு இடத்தில் பழுது. இதை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

#4 · ஜூன் 4, காலை 7.30
‘டிவிடி இருந்தால்தானே நுரையீரலுக்குப் போகும்’ என்று ஒருவர் எழுத, இன்னொருவர் அது படத் தட்டா என்று கேட்டிருக்கிறார். தமிழில் எழுதினால் DVT, DVD இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது. இனி முதலாவதை ஆழ்சிரை உறைகட்டி (காலின் ஆழமான சிரையில் உருவாகும் கட்டி) என்றே எழுதுகிறேன்.

கேள்வி நல்ல கேள்வி. காலில் உருவாகும் கட்டியும் நுரையீரலில் போய் அடைக்கும் கட்டியும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று பாடம் படிக்கிறோம். அப்படியானால் ஆபத்தைக் கூட்டும் ஜீன்கள் இரண்டையும் ஒரே அளவில் கூட்ட வேண்டுமே? லைடன் அப்படிச் செய்வதில்லை. காலில் கட்டியோடு வருபவர்களிடம் அது நிறைய. கால் சுத்தமாக இருந்து நுரையீரலில் மட்டும் அடைப்போடு வருபவர்களிடம் குறைவு. ‘லைடன் முரண்’ என்றே இதற்குப் பெயர் விழுந்துவிட்டது. லைடன்காரர்களின் கட்டி சிரைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது, எளிதில் பிய்வதில்லை என்பது ஒரு விளக்கம். பிய்ந்தால் பெருந்துண்டாகப் போகும் இடுப்புச் சிரைகளில் அவர்களுக்குக் கட்டி குறைவு என்பது இன்னொன்று.

நேர் எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. அரிவாள் அணு ஜீன் (சிவப்பணு அரிவாள்போல வளையும் ரத்தசோகையின் ஜீன்) ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு, நோயே இல்லாதவர்களுக்கும்கூட, நுரையீரல் அடைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காலில் அந்த அளவு ஏற்றம் இல்லை. வழக்கமான பேனலில் இது இருக்காது. ‘நுரையீரல் கட்டிக்கான ஜீன்’ என்று தேடுபவருக்கு லைடனைவிட இதுதான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வரும்.

#5 · ஜூன் 4, இரவு 9.05
‘என் ரத்தம் ஓ வகை, எனக்கு இதெல்லாம் கிடையாதா?’

கிடையாது என்று யாரும் எழுதித் தர முடியாது. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஏ, பி, ஏபி வகையினருக்கு ஓ வகையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆபத்து. ஏ, பி சர்க்கரைக் கண்ணிகள் உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் மேலும் ஒட்டியிருக்கின்றன. ஓ வகையில் அவை இல்லாததால் அந்தப் புரதம் சீக்கிரம் கழிந்துபோகிறது. அளவு சுமார் 25% குறைவு. அதன் தோளில் சவாரி செய்யும் எட்டாம் உறைதல் காரணியும் கூடவே குறைகிறது. ஓ அல்லாத வகையினர் மக்கள்தொகையில் பாதி அளவுக்கு இருப்பதால், ஊர் மொத்தத்தில் விளையும் கட்டிகளைக் கணக்கிட்டால் ரத்த வகையின் பங்கு லைடனுக்குச் சளைத்ததல்ல. செலவே இல்லாத ஜீன் டெஸ்ட், ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது, யாரும் அதைப் பேனலில் சேர்ப்பதில்லை.

#6 · ஜூன் 6, மாலை 6.40 (ஆய்வகப் பக்கத்திலிருந்து)
ரத்தம் எப்போது எடுத்தது என்று யாருமே கேட்காமல் முடிவுகளை விவாதிக்கிறீர்கள். வரும் பொய்க் குறைபாடுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

கட்டி வந்த வாரத்தில் எடுத்தால் ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, எஸ் மூன்றும் செலவாகிக் குறைந்திருக்கும். ஹெபாரின் (ஊசி வழி உறைதடுப்பு மருந்து) ஓடினால் ஆன்டித்ராம்பின் 30% வரை இறங்கும். வார்ஃபரின் (பழைய உறைதடுப்பு மாத்திரை) சாப்பிட்டால் சி, எஸ் இரண்டும் விழும், இரண்டும் வைட்டமின் கே-யை நம்பியவை. கர்ப்பத்தில் கட்டற்ற (வேறு புரதத்தோடு ஒட்டாமல் ஓடும்) புரோட்டீன் எஸ் பாதிக்கும் கீழே இறங்குவது இயல்பு. பிரசவமாகி ஆறு வாரமாவது போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் எஸ்ஸைக் குறைக்கும். ஆகவே ரத்தம் எடுக்க வேண்டியது கட்டி வந்து மூன்று மாதம் கழித்து, வார்ஃபரின் நிறுத்தி இரண்டு வாரமாவது ஆன பின், புது மாத்திரைகள் (ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், டபிகட்ரான்) என்றால் இரண்டு மூன்று நாள் நிறுத்திய பின். இந்த நிறுத்தத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டெஸ்ட்டுக்காகத் தானாக நிறுத்திக் கட்டியை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

குழாய்: உறைதல் சோதனைக்கு நீல மூடி, 3.2% சிட்ரேட் (கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் குழாயில் உறையாமல் வைக்கும் உப்பு). ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம், 0.3 மில்லி சிட்ரேட் உள்ள குழாயில் 2.7 மில்லி. கோடு வரை நிரம்பாவிட்டால் மிச்ச சிட்ரேட் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், உறையும் நேரம் பொய்யாக நீளும். ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55%-ஐத் தாண்டியவருக்குச் சிட்ரேட்டையே குறைக்க வேண்டும். லூபஸ் சோதனைக்கு (#16இல் வரும் எதிர்ப்பொருளைத் தேடுவது) இரண்டு முறை சுழற்றித் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஃப்ரீஸரில் வைக்கலாம். ஜீன் சோதனைக்கு ஊதா மூடி, இடிடிஏ. அதற்கு மட்டும் நேரம் காலம் கிடையாது, மருந்தும் தடையில்லை.

#7 · ஜூன் 6, இரவு 10.15
மேலே உள்ள குறிப்பை அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம். இரண்டு ஒட்டு மட்டும் போடுகிறேன்.

ஒன்று, புது மாத்திரைகள் எல்லா எண்ணையும் குறைப்பதில்லை. உறையும் நேரத்தை அளக்கும் முறையில் புரோட்டீன் சி, எஸ் அளவை உயர்த்திக் காட்டும். ஆன்டித்ராம்பினும் அப்படியே: பத்தாம் காரணியை வைத்து அளக்கும் முறையை ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் ஏமாற்றும், த்ராம்பினை வைத்து அளக்கும் முறையை டபிகட்ரான் ஏமாற்றும். அதாவது உண்மையான குறைபாடு மறைந்துபோகும். இது பொய்க் குறைபாட்டைவிட மோசம், ஏனென்றால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள்.

இரண்டு, லைடன் உள்ளவருக்கு உறையும் நேரத்தை அளக்கும் அதே முறையில் புரோட்டீன் எஸ் எடுத்தால் குறைவாகக் காட்டும். ‘லைடனும் உண்டு, எஸ் குறைபாடும் உண்டு’ என்று இரட்டைத் தீர்ப்பு வந்தால் கட்டற்ற எஸ் ஆன்டிஜனை (வேலைத்திறனை அல்ல, புரதத்தின் அளவையே அளப்பது) தனியாகக் கேளுங்கள். மொத்த எஸ் போதாது. அதில் 60% இன்னொரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும், வேலை செய்வது மிச்சமுள்ள 40% தான்.

#8 · ஜூன் 7, காலை 6.50
‘ஜீன் சோதனைக்குத் தடையே இல்லை’ என்ற வரிக்கு விதிவிலக்கு. எலும்பு மஜ்ஜை மாற்றியவரின் ரத்தத்தில் கொடையாளியின் டிஎன்ஏ இருக்கும். கல்லீரல் மாற்றியவருக்குத் தலைகீழ்: ரத்த டிஎன்ஏ அவருடையது, ஆனால் ஐந்தாம் காரணியைச் செய்வது கொடையாளியின் ஈரல். கொடையாளிக்கு லைடன் இருந்தால், ஜீன் தாள் ‘லைடன் இல்லை’ என்னும், ரத்தம் லைடன்போல நடந்துகொள்ளும்.

#9 · ஜூன் 9, பிற்பகல் 1.30
எச்சில் துப்பி அனுப்பும் வீட்டுக் கிட் முடிவை ஒட்டி, ‘ஆர்எஸ்6025 சிசி என்று வந்திருக்கிறது, ஜிஜி தானே வர வேண்டும், எனக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒன்றும் ஆகாது. ஆர்எஸ்6025 என்பது லைடன் மாற்றம் வரும் இடத்தின் பட்டியல் எண். ஐந்தாம் காரணி ஜீன் குரோமோசோமில் எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. ஜீனின் பக்கத்திலிருந்து படித்தால் ஜி மாறி ஏ ஆகிறது. வரைபடத்தின் முன் இழையிலிருந்து படித்தால் அதே மாற்றம் சி மாறி டி (T). ஆகவே சிசி இயல்பு, சிடி ஒரு பிரதி, டிடி இரண்டு பிரதி. புரோத்ராம்பின் ஜீன் முன் இழையிலேயே இருப்பதால் அங்கே ஜிஜி தான் இயல்பு. பக்கத்துப் பக்கத்து வரிகளில் இப்படி வேறு வேறு வாசிப்பு இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

கிட் எதைப் பார்க்காது என்பதுதான் முக்கியம். குடும்பத்துக்குக் குடும்பம் வேறு பழுது என்று #3இல் எழுதினேனே, அந்த மூன்று கனமான குறைபாடுகளும், குறித்த சில இடங்களை மட்டும் படிக்கும் கிட்டின் சில்லுக்குப் பெரும்பாலும் தெரியாது. புரோட்டீன் எஸ் ஜீனுக்கு அச்சு அசலாக ஒரு போலி ஜீனும் பக்கத்திலேயே இருக்கிறது. முழு வரிசை வாசிப்பையே அது குழப்பும். பெரிய துண்டு காணாமல் போயிருந்தால் அதற்கென்று பிரதி எண்ணும் சோதனை வேண்டும். அந்த மூன்றையும் முதலில் ரத்த அளவில் பிடித்து, பிறகு ஜீனில் உறுதிசெய்வதே சரியான வரிசை.

#10 · ஜூன் 9, பிற்பகல் 1.42
எம்டிஎச்எஃப்ஆர் (ஃபோலேட் சத்தைக் கையாளும் ஜீன்) பற்றி ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே பதில்: கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனிதர்களில் பெரும்பங்கினருக்கு அதில் ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். த்ராம்போஃபிலியாவுக்காக அதைச் சோதிக்காதீர்கள் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே சொல்லிவிட்டது. பேனலில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது பழக்க தோஷம்.

#11 · ஜூன் 12, காலை 8.00 (இழையைத் தொடங்கியவர்)
சரி, என் கட்சி தோற்றது. அப்படியானால் பேனலே வீண் என்று எழுதிவிடலாமா?

#12 · ஜூன் 12, காலை 10.30
இந்தப் பக்கம் சாய்ந்தவர் அந்தப் பக்கம் விழ வேண்டாம். சிகிச்சையை நிஜமாகவே மாற்றும் இடங்கள் சில உண்டு.

ஆன்டித்ராம்பின் குறைபாடு. ஹெபாரின் தானாக ஒன்றும் செய்வதில்லை, ஆன்டித்ராம்பினைத் தூண்டிவிடுவதுதான் அதன் வேலை. ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவதுபோல, மருந்தை ஏற்ற ஏற்ற ஏபிடிடி (ஹெபாரின் வேலை செய்கிறதா என்று காட்டும் உறைநேரச் சோதனை) நகராது. நோயாளியிடம் இதைக் கண்டால் ஆன்டித்ராம்பின் அளவைப் பார்க்க வேண்டும். செறிவூட்டிய ஆன்டித்ராம்பின் கொடுக்கலாம், அல்லது அர்கட்ரோபான்போல அதன் துணை வேண்டாத மருந்துக்கு மாறலாம். அறுவை சிகிச்சை, பிரசவம் வரும்போதும் திட்டம் மாறும். முதல் கட்டிக்குப் பின் பெரும்பாலும் நீண்டகால மருந்துதான்.

புரோட்டீன் சி குறைபாடு. சி-யின் அரை ஆயுள் 6 முதல் 8 மணி, புரோத்ராம்பினுடையது 60 மணிக்கு மேல். வார்ஃபரினை மட்டும் தொடங்கினால் தடுப்பவன் முதலில் சாவான், கட்டுபவன் பிறகுதான் சாவான். இடைப்பட்ட நாட்களில் ரத்தம் முன்பைவிட அதிகமாக உறையும், தோல் கருகி அழுகும். ஹெபாரினோடு குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடுத்து, ஐஎன்ஆர் (வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்) 2-ஐத் தாண்டி 24 மணி நேரம் நிலைத்த பிறகே ஹெபாரினை நிறுத்துவது எல்லோருக்குமான விதி. இவர்களிடம் அதில் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. இரண்டு பிரதியும் பழுதான குழந்தைக்குப் பிறந்த சில நாளிலேயே தோல் கறுத்துப்போகும். ரத்த உறவில் திருமணம் செய்த, இருவருமே ஒரு பிரதி சுமக்கும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

#13 · ஜூன் 12, மாலை 5.15
கருத்தடை மாத்திரை தனிக் கணக்கு. 1994 நெதர்லாந்து ஆய்வின் எண்கள், 10,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் ஆழ்சிரை உறைகட்டி: லைடனும் மாத்திரையும் இல்லாதவர் 0.8, மாத்திரை மட்டும் 3, லைடன் மட்டும் 5.7, இரண்டும் சேர்ந்தால் 28.5. கூட்டல் அல்ல, பெருக்கல்.

அப்படியானால் மாத்திரை கேட்கும் ஒவ்வொருவரையும் சோதிக்கலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். லைடன் உள்ளவர் மாத்திரையைத் தவிர்த்தால் 10,000-க்கு 22.8 கட்டி குறையும், ஒரு கட்டியைத் தவிர்க்க சுமார் 440 லைடன்காரர்கள் ஓர் ஆண்டு மாத்திரையை விட வேண்டும். லைடன் 5% உள்ள மக்களில் அந்த 440 பேரைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 8,800 பேரைச் சோதிக்க வேண்டும். ஆகவே எல்லோரையும் அல்ல; பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கட்டி வந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்பதே முதல் சோதனை. ஆம் என்றால், ஜீன் தாள் எதைச் சொன்னாலும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளைப் பேசலாம்.

#14 · ஜூன் 15, காலை 9.20
5% என்றதும் ‘எந்த மக்களில்?’ என்று கேட்டது நியாயம். ஐரோப்பிய வம்சாவளியினரிடம். கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் லைடன் மிக அபூர்வம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு ஒரே ஒருவரிடம் தோன்றிப் பரவியது. பிரசவத்தில் ரத்தப்போக்கைக் குறைத்ததால் நிலைத்தது என்பது ஊகம்.

ஜப்பானியரிடம் புரோட்டீன் எஸ் டோக்குஷிமா என்ற மாற்றம் பரவலாக இருக்கிறது. அது அளவைக் குறைக்காது, வேலைத்திறனைத்தான் குறைக்கும். ஆன்டிஜன் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். சீனரிடம் புரோட்டீன் சி ஜீனில் இரண்டு மாற்றங்கள் மிகுதி. லைடனும் 20210-உம் மட்டும் உள்ள பேனலை அவர்களிடம் எடுத்து ‘நெகட்டிவ்’ என்பது, தொலைத்த இடத்தை விட்டுவிட்டு விளக்கு எரியும் இடத்தில் தேடிய கதை.

#15 · ஜூன் 15, இரவு 8.30
ஒரு கிளைக் கதை. ஒன்பதாம் காரணியில் ‘பதுவா’ என்றொரு மாற்றம், 2009இல் கட்டி வந்த ஓர் இத்தாலிய இளைஞரிடம் கண்டது. காரணியின் வேகம் எட்டு மடங்கு. அவருக்குச் சாபம். இன்று ஹீமோஃபிலியா பி (ஒன்பதாம் காரணி குறைந்து ரத்தம் சரியாக உறையாத நோய்) ஜீன் சிகிச்சையில் வேண்டுமென்றே அதைத்தான் ஏற்றுகிறார்கள்.

#16 · ஜூன் 18, காலை 7.10
மிக முக்கியமானது பரம்பரையே அல்ல என்பதை எழுத மறந்துவிட்டேன். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் (உடல் தனக்கு எதிராகத் தானே செய்து கட்டியைத் தூண்டுபவை) பிறவியில் வருவதில்லை, ஆனால் பேனல் முழுவதிலும் நீண்டகால மாத்திரையின் பெயரையே மாற்றும் சோதனை அதுதான். அதற்கான சோதனைகளான லூபஸ், கார்டியோலிப்பின், பீட்டா-2 மூன்றும் பாசிட்டிவ் என்றால் ரிவரோக்ஸபான் வார்ஃபரினைவிட மோசம் என்று 2018 சோதனை காட்டியது, அவர்களுக்கு வார்ஃபரின்தான். ஒரு முறை பாசிட்டிவ் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி. உறைதடுப்பு மாத்திரை ஓடும்போது எடுத்த லூபஸ் பாசிட்டிவை நம்பாதீர்கள். #6இன் விதி இதற்கும் உண்டு.

#17 · ஜூன் 18, காலை 7.35
இன்னொரு கேள்விக்கும் இங்கேயே: ‘லைடன் உண்டு, இப்போது மூச்சு வாங்குகிறது, டெஸ்ட் பண்ணலாமா?’ இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வெல்ஸ் மதிப்பெண் (அறிகுறிகளை வைத்து அடைப்பின் வாய்ப்பைக் கணிப்பது), டி-டைமர் (கட்டி கரையும்போது வரும் துணுக்குக்கான ரத்தச் சோதனை), சிடி ஆஞ்சியோ (நுரையீரல் ரத்தக் குழாய்களின் படம்). அந்த மதிப்பெண்ணில் ஜீனுக்கு ஒரு புள்ளியும் இல்லை. முன்பு கட்டி வந்ததற்கு ஒன்றரைப் புள்ளி உண்டு.

#18 · ஜூன் 21, மாலை 4.00 (இழையைத் தொடங்கியவர்)
நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போடுகிறார்களாமே, அது இதையெல்லாம் தள்ளிவிடுமா?

#19 · ஜூன் 21, இரவு 9.50
2019இல் 297 மாற்றங்களைக் கூட்டிய மதிப்பெண் ஒன்று வந்தது. அதில் உச்சியில் உள்ள 5% பேருக்கு லைடன் அல்லது 20210 சுமப்பவர்களுக்கு நிகரான ஆபத்து. நல்ல வேலை. ஆனால் தரவின் பெரும்பகுதி ஐரோப்பியருடையது, #14இன் சிக்கல் அப்படியே தொடர்கிறது. அது சொல்வதும் முதல் கட்டிக்கான வாய்ப்பை. உங்கள் முதல் கேள்வி மருந்தை எப்போது நிறுத்துவது என்பது.

#20 · ஜூன் 22, காலை 6.30
காரணமில்லாமல் கட்டி வந்தவர் மருந்தை நிறுத்துவது கெடுதல் என்று #2இல் சொன்னதை, முழு அளவிலேயே தொடர வேண்டும் என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்தபின் பலருக்கு அபிக்ஸபான் 2.5 மில்லிகிராம் இரு வேளை, அல்லது ரிவரோக்ஸபான் 10 மில்லிகிராம் ஒரு வேளை என்று பாதியாகக் குறைக்கலாம். மூன்றும் பாசிட்டிவான ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆட்களுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. ஆன்டித்ராம்பின் குறைபாட்டில் குறைக்கும் முன் ஹீமடாலஜிஸ்டைக் கேட்டே ஆக வேண்டும்.

உறவினர்களுக்குச் சொல்ல நினைப்பவர்கள் ‘எனக்கு ஜீன் கோளாறு’ என்று சொல்லிப் பயனில்லை. ஜீனின் பெயர், மாற்றத்தின் இடம், ஒரு பிரதியா இரண்டா, ரத்த அளவு என்றால் எத்தனை சதவீதம், எந்த முறையில், அன்று என்ன மருந்து ஓடியது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதி என்றால் உடன்பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவர்களின் ஆய்வகம் முழுப் பேனலையும் புரட்ட வேண்டியதில்லை, அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்.